சுண்டுவிரல் எரிச்சல்

அலுமினாவில் அமில வாயுவைச் செலுத்தி அலுமினியம் ஃபுளோரைடு தயாரிக்கும் ஆலையில் எனக்கு வேலை. அந்த அமிலம் தோலில் பட்டால், வலி தெரிவதற்குள் எலும்பு வரை இறங்கிவிடும். அதனால் எங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஆலை ஒரு பட்டை தந்திருக்கிறது; எங்கள் தோலில் அமிலம் பட்ட நொடியிலேயே, அதைக் கையில் கட்டியிருப்பவருக்கு அதே இடத்தில் எரியும். என்னுடைய பட்டை கணவர் கில்பர்ட்டிடம். சண்டை போட்டு அவர் தன் தங்கை வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறது. அதைக் கட்டியிருக்கிறாரா என்று கேட்க வீம்பு விடவில்லை, பயமும் விடவில்லை.

இன்று வால்வை மூடும்போது, பட்டையோடு இணைந்த காதுக்கருவியில் அவர் கத்தினார்.

"ஏட்டி, இடது சுண்டுவிரலப் பாரு! எனக்கு எரியுது!"

கையுறையில் சிறு துளை. ஓடிப்போய்க் கழுவிவிட்டுக் கால்சியம் களிம்பைத் தேய்த்தேன்.

"நீங்க அதக் கழட்டவே இல்லியா?"

"பேசாமத் தேயி, மூதி. இன்னும் எரியுது."

தேய்த்தேன்.

"இன்னும்... இன்னும்... ம், நின்னுட்டு."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. பத்து நாளுக்குப் பிறகு நானும் விட்டேன்.