மஞ்சளில் நிற்கும் கை

தகரக் கொட்டகையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் இறங்கி, காலி அட்டைப்பெட்டிகள் மேல் புள்ளி புள்ளியாக விழுகிறது. கல் உடைக்கிறவள் மடியில் பிள்ளையை வைத்து அதன் இடது கையை நீட்டிப் பிடித்திருக்கிறாள். நர்ஸ் அந்தக் கையைச் சுற்றி, சதைப்பிடிப்பை அளக்கும் வண்ண நாடாவை இழுக்கிறாள். பச்சை என்றால் தேறிய பிள்ளை, சிவப்பு என்றால் சாகக் கிடக்கிற பிள்ளை. நாடா மஞ்சளில் நிற்கிறது.

"சத்துமாவு கிடையாதும்மா."

"போன மாசமும் மஞ்சள்தானேக்கா? குடுத்தீங்களே!"

"மாவுக்குக் குடுத்துட்டிருந்த வெளிநாட்டுக்காரன் பணத்தப் பாதியா வெட்டிட்டான். இனிமே சிவப்புக்கு மட்டும்தான்."

"இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கக்கா."

நர்ஸ் இறுக்குகிறாள். தோல் மடிகிறது, பிள்ளை வீறிடுகிறது. சிவப்புக்கு இன்னும் ஒரு நூல் இருக்கிறது.

"இதுக்கு மேல இறுக்கினா கை கன்னிடும். சிவப்பு வந்ததும் தூக்கிட்டு வா, கையோட தர்றேன்."

அவள் முந்தானையை விலக்கிப் பிள்ளைக்கு மார்பைக் கொடுக்கிறாள். அழுகை அடங்குகிறது. சப்புகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

"எத்தனை நாள் பால் குடுக்காம இருந்தா சிவப்பு வரும்க்கா?"

நர்ஸ் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்க்கிறாள். "ஒரு வாரம் போதும்," என்கிறாள், தலையைத் திருப்பாமலே.

கல் உடைக்கிறவள் பிள்ளையின் வாய்க்குள் விரலை நுழைத்து, காம்பை மெல்ல விடுவிக்கிறாள்.