ஒரு கம்பிகூட மாறல

மாடியறை முழுக்கத் தண்டவாளம். நடுவில் பாலம், ஓரமெல்லாம் தீக்குச்சி உயரத்தில் சிக்னல் கம்பங்கள். என் அக்கா கணவர் மூன்று வருடமாகக் கட்டிய பொம்மை ரயில். அத்தனை நாளும் என் முகத்தில் விழிக்காதவர், இன்று வரச்சொல்லியிருந்தார்.

“வாடா, சிவப்பைத் தாண்டின சூரப்புலி!”

“பச்சைதான் எரிஞ்சுது அத்தான்,” என்றேன், நூறாவது தடவையாக.

மூன்று வருடத்துக்கு முன், ஸ்டேஷன் பாலத்தருகே நின்ற சரக்குப் பெட்டியில் நான் ஓட்டிய ரயில் மோதியது. சிக்னல் சிவப்பாகத்தான் இருந்திருக்கும் என்று விசாரணையில் இவர் சொன்ன சாட்சியில் என் டிரைவர் வேலை போயிற்று. அக்காவும் என் வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

“இது அந்த ஸ்டேஷனோட அச்சு அசல். லைன்ல பெட்டி நின்னா சிக்னல் தானா சிவப்பாயிடும். உன் கண்ணாலேயே பாரு. பெட்டியை அன்னைக்கு நின்ன இடத்துல நீயே வை.”

வைத்தேன்.

சிக்னல் பச்சையாகவே இருந்தது.

அத்தான் பெட்டியை எடுத்தார், தட்டினார், மறுபடி அங்கேயே வைத்தார். பச்சை.

“எப்பவாவது இந்த இடத்துல வெச்சுப் பாத்தீங்களா?” என்றேன்.

“வாயை மூடுடா!”

அக்கா எட்டிப் பார்த்தாள். “வயரிங்கைத் தப்பா போட்டுட்டீங்களோ?”

அத்தானுக்குச் சுருக்கென்றது.

“யாரைப் பாத்துடி தப்புங்கறே? அந்த ஸ்டேஷனுக்கு சிக்னல் வயரிங் போட்டதே நான்தான்! இதுவும் அதேதான். ஒரு கம்பிகூட மாறல!”

சொல்லி முடித்த அத்தானின் பார்வை பச்சை விளக்கில் போய் நின்றது.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள்.