இந்த மாத நாயகன்

"டங்!"

எடை மெஷினில் ஏறப்போன ஒல்லிக்காரரின் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பூட்டு விழுந்தது. கிடங்குக்குப் போடுகிற பெரிய பூட்டு. அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு.

எடைக் குறைப்பு மையமே திரும்பிப் பார்த்தது.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்று குதித்தார் கான்ட்ராக்டர். உடற்பயிற்சி வகுப்பில் அவர் ஒரு நாளும் இப்படிக் குதித்ததில்லை. "ஊசி மாதிரி இருக்கிற ஆளுக்கு வாராவாரம் எப்படி எடை குறையுதுன்னு அப்பவே நினைச்சேன். கோட்டு நிறைய இரும்போட வந்து சேர்ந்திருக்கார். வாரத்துக்கு ஒரு பூட்டைக் கழட்டி வச்சுட்டு வந்து மெஷின்ல ஏறியிருக்கார்!"

சுவரில் 'இந்த மாத நாயகன்' பலகை. அதில் ஒல்லிக்காரர் அதே கோட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே தன் படம் வரவேண்டும் என்பது கான்ட்ராக்டரின் நெடுநாள் ஆசை. வகுப்பு முடிந்த கையோடு எதிர் பேக்கரியில் கேக் சாப்பிடுவது நெடுநாள் பழக்கம்.

பலகைக்குக் கீழே மையத்தின் விளம்பரம்: 'நீங்கள் ஒரு கிலோ குறைத்தால், பக்கத்துத் தெரு குழந்தைகள் இல்லத்துக்கு நாங்கள் பத்து கிலோ அரிசி தருவோம்!'

"ஒரு போட்டோவுக்காகவா சார் இத்தனை தில்லுமுல்லு? வெட்கமா இல்ல?" என்றார் ஒரு டீச்சரம்மா. சேர்ந்த நாளிலிருந்து அவருக்கும் ஒரு கிராம் குறைந்தபாடில்லை.

ஒல்லிக்காரர் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

"இவரை வெளியே அனுப்புங்க மேடம். இல்லேன்னா நானே முதலாளிகிட்ட பேசறேன்" என்றார் கான்ட்ராக்டர்.

எடை பார்க்கும் பயிற்சியாளர் அம்மாவுக்குச் சிரிப்பென்றால் என்னவென்றே தெரியாது. பூட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, "உள்ள வாங்க" என்று உறுமிவிட்டுத் தன் அறைக்குள் போனார். ஒல்லிக்காரர் பின்னாலேயே போனார். கதவு படாரென்று சாத்தப்பட்டது.

"நல்லா வாங்கட்டும்" என்று கான்ட்ராக்டர் ஆசையோடு கதவில் காதை வைத்தார்.

"என்னண்ணே இது!" உள்ளே பயிற்சியாளரின் குரல் படபடத்தது. "எல்லாத்தையும் ஒரே பையில போடாதீங்கன்னு உங்களுக்கு எத்தனை தடவை சொன்னேன்?"

"கோட்டுப் பை கிழிஞ்சிருச்சும்மா. இல்லத்துல சமைக்கிறவன் நான், எனக்குத் தைக்கவா தெரியும்?"

"எல்லார் முன்னாடியும் உங்க மானம் போச்சேண்ணே."

"அது போனா போகுது. நாளைக்கு உலையில போட அரிசி வேணுமே, அதைச் சொல்லு. வெளியில இருக்கிறவங்கள்ல நிஜமாவே குறைக்கிற ஆளு ஒருத்தராவது இருக்காங்களா?"

"யாரு, இவங்களா? இவங்க இளைப்பாங்கன்னு நம்பி நாம சும்மா இருந்திருந்தா, இந்நேரம் நம்ம பிள்ளைங்கதாண்ணே இளைச்சிருக்கும்!"