மாடி ஜன்னல்

சவரிமுத்துவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்ததற்குக் காரணம் கோமளவல்லி அம்மாள் சொன்ன சாட்சிதான். எதிர்வீட்டில் கொலை செய்துவிட்டு வெளியேறியவனின் முகத்தை மாடி ஜன்னலிலிருந்து பார்த்ததாகச் சொல்லியிருந்தார். அப்போது இருட்டத் தொடங்கியிருந்தது. இன்றும் அதே நேரம்தான். நிருபர் எழிலரசி அவரை அந்த ஜன்னலருகே அழைத்துவந்தாள். எதிர்வீட்டிலிருந்து ஒருவன் இறங்கி நடந்தான்.

“நல்லாப் பாருங்கம்மா. யாருன்னு தெரியுதா?”

கோமளவல்லி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். “அவனேதான். ஜெயில்ல இருந்து எப்போ விட்டாங்க?”

கீழே போனவன் எழிலரசியின் பத்திரிகைப் புகைப்படக்காரன் ஜாபர். அவன் அண்ணாந்து பார்த்துக் கையசைத்தான். எழிலரசி பதிலுக்குக் கையசைக்காமல் கோமளவல்லியின் பக்கம் திரும்பினாள்.

“இதைக் கோர்ட்டுலயும் சொல்வீங்களாம்மா?”

“எங்க வேணும்னாலும் சொல்றேன்,” என்றார் கோமளவல்லி. “நான் பார்த்தா பார்த்ததுதான்.”