சுடாத கல்

கல் சுடவில்லை.

சித்திரை மாதம். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. கோவிலின் வெளிப்பிரகாரத்தில் எல்லோரும் ஓடினார்கள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில், பிள்ளைகளை இடுப்பில் இறுக்கியபடி.

அவன் நடந்தான்.

அது பதினோராவது சுற்று. அதில் மட்டும் உடன் வந்த அவன் மனைவி உலகம்மாள் பாதி வழியிலேயே ஓடிப்போய் மண்டப நிழலில் நின்றுகொண்டாள். அவளுடைய தம்பி குற்றாலிங்கம் அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். தூணில் சாய்ந்து மூச்சு வாங்கினான். நூற்று முப்பத்தெட்டு கிலோ. அந்த உடம்பே ஓடிவிட்டது.

"அத்தான் நடையப் பாத்தியாக்கா," என்றான். "மகராசா மாதிரி வாராக."

அவள் சிரிக்கவில்லை.

பதினோரு சுற்றுப் பிரார்த்தனை குற்றாலிங்கத்துக்காகத்தான். வரும் வியாழக்கிழமை மதுரையில் அவனுக்கு ஆபரேஷன். இரைப்பையைச் சுருக்கி உடம்பைக் குறைக்கிற ஆபரேஷன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதையே செய்துகொண்டவன் இவன். பயந்துகொண்டிருந்த மைத்துனனைப் பேசிச் சம்மதிக்க வைத்தவனும் இவன்தான்.

பேசுவதற்குக்கூட அதிகம் இல்லை. போனில் ஒரு பழைய போட்டோ வைத்திருந்தான். கல்யாணப் பந்தியில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். அதைக் காட்டிவிட்டு எழுந்து நிற்பான். பார்ப்பவர்கள் போட்டோவையும் அவனையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

பிறகு சர்க்கரைக் கதை.

ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் இன்சுலின் ஊசி நின்றது. மூன்றாம் மாதம் சர்க்கரை மாத்திரையும் நின்றது. வீட்டில் சர்க்கரை பார்க்கிற மெஷினைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். எனக்கு இனி எதுக்கு?

அந்த வரியோடு கதையை முடித்துக்கொள்வான்.

இரண்டு வருடம் மதுரைக்குப் போய்க் காட்டினான். மூன்றாம் வருடம் ஹார்டுவேர் கடையை விரிவாக்கும் வேலை வந்தது. போகவில்லை. தினமும் போடச் சொன்ன சத்து மாத்திரை தீர்ந்தது. வாங்கவில்லை. போன வருடம் பெல்ட்டில் இரண்டு துளை தளர்த்திப் போட வேண்டி வந்தது. வயசாகுதுல்ல என்று நினைத்துக்கொண்டான்.

சில மாதங்களாகப் பாதத்தில் ஒரு மதமதப்பு. காலுறை போடாமலே போட்டது போல.

போன வாரம் வலது கால் செருப்பு கழன்றது தெரியாமல் கடைத்தெருவில் நடந்துவிட்டான். பூக்காரி கூப்பிட்டுச் சொன்னாள். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

அவன் நிழலுக்கு வந்து சேர்ந்தான்.

"உக்காருங்க," என்றாள் உலகம்மாள்.

"எதுக்கு?"

"உக்காருங்கன்னா உக்காருங்க."

அவள் அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்துத் தரையில் அவன் வந்த வழியில் ஈரத் தடம். வலது காலுடையது மட்டும்.

அவன் உட்கார்ந்தான். சுற்றிலும் ஆட்கள். அவள் அதைப் பொருட்படுத்தாமல் அவன் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள்.

விரல்களுக்குக் கீழே கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது. தோல் ஒதுங்கிச் சுருண்டு கிடந்தது. உள்ளே வெளிர்ச் சிவப்பு.

"வலிக்கலியா?"

"இல்லியே."

அவனும் குனிந்து பார்த்தான். அடுத்தவன் காலைப் பார்ப்பது போலிருந்தது.

குற்றாலிங்கம் தூணை விட்டு நகர்ந்து அருகில் வந்தான். காலையும் அத்தானின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். 

உலகம்மாள் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"கண்ண மூடுங்க. குத்துத எடத்துல சொல்லுங்க."

மூடினான்.

மேலே எங்கோ புறாக்கள் படபடத்தன. மடியின் சூடு அவனுக்குத் தெரியவில்லை. மைத்துனன் மூச்சு விடுவது மட்டும் தலைக்கு மேலே கேட்டது. கனமான மூச்சு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் தானும் அப்படித்தான் மூச்சு விட்டான்.

"மாப்ள," என்றான், கண்ணைத் திறக்காமல்.

"சொல்லுங்கத்தான்."

"ஆபரேஷன் செஞ்ச டாக்டரம்மா அன்னைக்கி இன்னொண்ணும் சொன்னாக. ஒங்கிட்டச் சொல்லல."

குற்றாலிங்கம் இன்னும் குனிந்தான்.

"சர்க்கரை போகல, தூங்குதுன்னாக. சத்து மாத்திரைய ஆயுசுக்கும் விடக்கூடாது, வருசா வருசம் வந்து காட்டணும்னாக. நான் விட்டுட்டேன். ஏழு வருசம்."

சொன்னதும் நெஞ்சு லேசானது. வியாழக்கிழமை மைத்துனனோடு தானும் மதுரைக்குப் போக வேண்டும். அந்த டாக்டரம்மா இன்னும் அங்கே இருப்பாரா? முகத்தைப் பார்த்ததும் திட்டுவார். திட்டட்டும். காலைக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் காட்ட வேண்டும்.



"குத்தேன் உலகு," என்றான். "எதுக்கு யோசிக்க?"



கண்ணைத் திறந்தான்.

அவள் கை ஊக்கோடு அவன் கெண்டைக்கால் வரை வந்திருந்தது. பெருவிரலில் தொடங்கி, புறங்காலைக் கடந்து, கணுக்காலைத் தாண்டி, அவள் கை வரைக்கும் வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.