முட்டிக்கு ஊசி

மாத்தளை வலி கிளினிக்கின் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் வீராயி. ஜன்னல் வெயிலில் அவளுடைய வீங்கிய முட்டி பளபளக்கிறது. டாக்டர் அதைப் பெருவிரலால் அழுத்துகிறார். "ரொம்ப வலிக்குதாம்மா? ஊசி போடுவமா, மாத்திரை போதுமா?" கட்டில் விளிம்பைப் பிடித்த அவள் விரல்கள் வெளுக்கின்றன. "வலியெல்லாம் இல்லைங்க தொரை. மாத்திரையே போதுமுங்க." வலிக்கிறது என்று சொன்னவளுக்குத் தேயிலைத் தோட்டத்தில் அன்றைக்குப் பேர் போடமாட்டார்கள்; வேலையும் இல்லை, கூலியும் இல்லை. குமரியாகக் கூடை தூக்கிய நாளிலிருந்து பழகிய பதில் அது. "இவரு கங்காணி இல்லம்மா, டாக்டரு. அந்த ஊசிக்குத்தானே வந்தோம், சொல்லித் தொலை," என்று மகள் பிரவீனா காதுக்குள் சீறுகிறாள். வீராயி சிரித்தபடி தலையாட்டுகிறாள். டாக்டர் மாத்திரை எழுதுகிறார். வெளியே, வீராயி நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்து, உட்கார்ந்தவாக்கிலேயே ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பிரவீனா அழுகிறாள். "எதுக்குடி அழுவுற? வேலைக்குப் போக வேணாமுன்னு அவரு சொல்லலையே."