மகளின் கையில் கொடுக்கவும்

வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன்பெட்டி சுமக்கும் சில்வெஸ்டர், காது கேளாத மகள் டிலானிக்காக இணைய ஏலத்தில் பழைய காதுக் கருவி ஒன்றை எடுத்தான். விற்றவன் ஜப்பான்காரன். பணம் கட்டிய கையோடு, விலாசத்தின் கீழே எழுத்துக்கூட்டி எழுதினான்: "பகலில் நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம். மகளின் கையில் கொடுக்கவும்." தபால்காரருக்காக எழுதியது அது.

மூன்று மாதமாகியும் பார்சல் வரவில்லை.

"முகம் தெரியாதவனுக்குக் காசைக் கட்டிப்போட்டு வாசலப் பாத்துக்கொண்டு இரிங்க," என்றாள் மனைவி மார்கிறட்.

"வரும்கா, கொஞ்சம் பொறு."

பார்சல் எங்கே என்று கேட்டு எழுதியதற்கு, ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜப்பான்காரனின் பதில் கிடைத்தது. போன் அதைத் தமிழாக்கிக் காட்டியது. "நீங்கள் எழுதியபடியே செய்தேன். உங்கள் மகள் இன்று நேரில் வந்து வாங்கினாள். இப்போது நன்றாகக் கேட்கிறது."

கீழே ஒரு படம். பனி கொட்டும் தெருவில், காதில் கருவியோடு, அன்று பூசைக்கு உடுத்த அதே பச்சைச் சட்டையில் டிலானி நின்றாள்.

டிலானி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"மகள்!" என்று கூப்பிட்டான். மார்கிறட்டும் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

கொஞ்சம் பொறுத்து, பிறந்து பதினொரு வருடமாக ஒரு சொல்லும் பேசாத பிள்ளை, அரிசியை வைத்துவிட்டு எழும்பி, தூரத்தில் யாரோ கூப்பிட்டது கேட்டதுபோல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஓம், வாறன்."